பின்சக்கரம் தந்த பாடம்

'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வரும் பழமொழி. இதை விரித்து ஒரு பக்கம் எழுதச் சொன்னால் நம் வகுப்பில் எல்லாருமே எழுதிவிடுவோம். ஆனால் புல்லை ஆயுதமாக்கும் அந்த வல்லமை எங்கிருந்து வருகிறது? உடல் வலிமையாலா, துணிச்சலாலா, அல்லது வேறு ஏதேனும் ஒன்றாலா? இக்கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை ஒரு பழைய சைக்கிளின் ஃப்ரீவீலுக்குள் இருந்தது. அதைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் பள்ளிச் சைக்கிள் கொட்டகையில் நாள்தோறும் எத்தனையோ வண்டிகள் நிற்கின்றன. எல்லாவற்றிலும் ஃப்ரீவீல் உண்டு. ஆனாலும் அதை உற்றுப் பார்த்தவர்கள் நம்மில் சிலரே. பின்சக்கரத்தின் நடுவே, வலப்புறத்தில், செயின் சுற்றி ஓடும் சிறிய பற்சக்கரம்தான் ஃப்ரீவீல். நாம் மிதிக்கும்போது அது சக்கரத்தைத் தன்னோடு சுழற்றிச் செல்கிறது. மிதிப்பதை நிறுத்தினால் பற்சக்கரம் நின்றுவிடும். சக்கரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் கால்களை அசைக்காமல் போகும்போது 'டிக் டிக் டிக்' என்று ஓர் ஓசை கேட்குமே, அது ஃப்ரீவீலின் குரல்தான்.

அந்த ஓசை எப்படி வருகிறது? ஃப்ரீவீல் இரண்டு பகுதிகளால் ஆனது. உட்பகுதி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின்மேல் மரையால் முறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். வெளிப்பகுதி பற்கள் உள்ள வளையம். இரண்டுக்கும் நடுவே பால்ரஸ் குண்டுகள் இரண்டு வரிசையாக ஓடும். உட்பகுதியில் இரண்டு சிறு நாக்குகள் உண்டு. மெல்லிய கம்பி வில் ஒன்று அவற்றை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வெளி வளையத்தின் உட்சுவரிலோ ரம்பத்தைப் போலச் சாய்ந்த பற்கள் வெட்டப்பட்டிருக்கும். மிதித்தால் நாக்குகள் அப்பற்களில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுக்கும். மிதிக்காவிட்டால் பற்களின் மேல் வழுக்கிச் செல்லும். அந்த வழுக்கலே 'டிக் டிக்'.

எங்கள் வீட்டுச் சைக்கிள் என் அம்மாச்சியுடையது. அம்மாச்சியின் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். 1991-ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதற்குப் பெரிதும் ஊக்கம் தந்தார்கள். வயலுக்கும் கல்குவாரிக்கும் வேலைக்குப் போன பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பெண்களுக்கான வண்டிகள் போதிய அளவு கிடைக்கவில்லை. ஆகவே பலர் ஆண்கள் ஓட்டும் உயரமான பார் வண்டியையே ஓட்டினார்கள். குழந்தையை முன்னால் உட்கார வைக்க அந்தப் பார் வசதியாக இருக்கிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

என் அம்மாச்சியும் அவர்களுள் ஒருவர். ஆடு விற்ற பணத்தில் 1992-இல் ஒரு கறுப்பு வண்டி வாங்கினார். அதன் பாரில் அமர்ந்துதான் என் அம்மா பள்ளிக்கூடம் போனார். அம்மாவுக்குத் திருமணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தபோது வண்டியும் வந்தது. பிற்பாடு அம்மாச்சியும் எங்களோடு வந்து தங்கிவிட்டார். இப்போது அவ்வண்டி என்னிடம் இருக்கிறது. பெயின்ட் போய்விட்டது, மணியை இரண்டு முறை மாற்றியாயிற்று. ஆனால் பின்சக்கரத்தின் 40 கம்பிகளும், அவை சேரும் ஹப்பும் 1992-இல் வந்தவையே.

எங்கள் வீட்டிலிருந்து நம் பள்ளி 5 கி.மீ. தூரம். தம்பியைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு போய், வழியில் அவன் பள்ளியில் இறக்கிவிட்டு, நான் இங்கே வருவேன். அம்மா நூற்பாலையில் காலை ஷிஃப்டுக்குப் போய்விடுவார். அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் சில நாட்களே வீட்டில் இருப்பார். ஆகவே எங்கள் வீட்டில் சைக்கிள் என்பது பொழுதுபோக்கு அன்று. அது ஒரு வேலையாள்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலை. பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பெடல் சடக்கென்று கீழே போயிற்று. செயின் அறவில்லை, கழலவும் இல்லை. ஃப்ரீவீல்தான் பிடிக்காமல் வெறுமையாகச் சுற்றியது. வண்டி ஒரு பக்கம் சாய, தம்பி கீழே விழுந்தான். பின்னால் வந்த வேன் ஓரடி தூரத்தில் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து தம்பியைத் தூக்கி விட்டார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆயினும் அன்று முழுவதும் என் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன.

அன்றிரவு அம்மா, "இனிமே இந்த வண்டியத் தொடக்கூடாது. பஸ்ஸுல போங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டார். பேருந்தில் எங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எங்கள் தெருமுனையில் 7.10-க்கு வரும் பேருந்து மிக முந்தியது. அதை விட்டால் 8.50-க்குத்தான் அடுத்தது. முந்தியதில் போனால் தம்பி பூட்டிய பள்ளி வாசலில் தனியே நிற்க வேண்டும். பிந்தியதில் போனால் எனக்குக் காலைச் சிறப்பு வகுப்பு இல்லை. பொதுத்தேர்வு ஆண்டில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை என் தோழியர் அறிவர்.

ஆகவே வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "ஃப்ரீவீல் போயிருச்சு, மாத்தணும்" என்றார் கடைக்காரர். ஃப்ரீவீலின் விலை எங்களுக்கு எட்டாத விலை அன்று. ஆனால் பழையதைக் கழற்ற வேண்டுமே! அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. ஃப்ரீவீலின் முகத்தில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். அக்கருவியின் இரண்டு கால்களும் அப்பள்ளங்களில் உட்கார வேண்டும். பிறகு ஸ்பேனரால் திருக வேண்டும். எங்கள் வண்டியில் அப்பள்ளங்களின் விளிம்புகள் முன்பே தேய்ந்திருந்தன. கடைக்காரர் கருவியை வைத்துத் திருகினார்; வழுக்கியது. மறுபடியும் திருகினார், இருந்த விளிம்பும் மழுங்கிப் பள்ளம் கிண்ணம்போல் ஆகிவிட்டது. "இது வராதும்மா. ஹப்போட சேத்து வீலையே மாத்திரு" என்று சொல்லி வண்டியைச் சுவரில் சாய்த்தார்.

முழுச் சக்கரத்தின் விலையைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினேன். அம்மா எதுவும் சொல்லவில்லை, காலண்டரைப் பார்த்தார். சம்பளத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அம்மாச்சிதான் முற்றத்தில் அமர்ந்தபடி, "நான் முப்பது வருசமா ஓட்டுனேன். ஆனா ஒரு நட்டக்கூட நான் கழட்டுனதில்ல. பஞ்சர்னாலும் உன் மாமனத்தான் கூப்பிடுவேன். உள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது தாயி" என்றார். அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. எனக்கும் தெரியாது. மூன்றாண்டுகளாக நாள்தோறும் ஏறிப் போகும் வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்ப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா ஐம்பதாண்டுக் காலம் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். இப்போதும் தம் வீட்டுத் திண்ணையில் ஒரு வைஸும், அரங்களும், சுத்தியல்களும் வைத்துக்கொண்டு, யாராவது கொண்டுவரும் பழைய மாங்காய்ப் பூட்டுகளைச் சரி செய்து கொடுப்பார். காலாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவரிடம் சக்கரத்தைக் கொண்டு போனேன். அம்மாச்சியும் உடன் வந்தார்.

தாத்தா உடனே சுத்தியலைத் தூக்கவில்லை. சக்கரத்தை மடியில் வைத்து, துணியால் துடைத்து, டார்ச் விளக்கு அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எனக்குச் சைக்கிளப் பத்தித் தெரியாது பாப்பா. ஆனா இரும்பப் பத்தித் தெரியும். எந்தச் சாமானக் கழட்டணும்னாலும் மூணு கேள்வி கேக்கணும். எந்தப் பக்கம் இறுகும்? எங்க பிடிக்கலாம்? எவ்வளவு நீளத்துல இருந்து தள்ளலாம்? இந்த மூணுக்கும் பதில் சொல்லு, கழட்டலாம்" என்றார். அவர் என்னைத்தான் கேட்டார்; அம்மாச்சியையோ, வேடிக்கை பார்க்க வந்த அண்ணன்மார்களையோ கேட்கவில்லை.

முதற்கேள்விக்கு விடை எளிது. வண்டியின் வலப்புறம் நின்று பார்த்தால் ஃப்ரீவீல் கடிகாரமுள் சுழலும் திசையில் சுழல்கிறது. ஹப்பின் மரையும் அதே திசையில் இறுகும் மரைதான். அதாவது நாம் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது. அம்மாச்சி நெல் மூட்டையோடு ஏறிய மிதிகளும், அம்மா பாதி இருட்டில் மில்லுக்குப் போன மிதிகளும், தம்பியோடு நான் பாலம் ஏறிய மிதிகளும் சேர்ந்து அதை முறுக்கியிருக்கின்றன. போதாக்குறைக்கு மழையும் துருவும் வேறு. கழற்ற வேண்டுமானால் எதிர்த்திசையில் திருக வேண்டும்.

இரண்டாம் கேள்விதான் கடினம். எங்கே பிடிப்பது? பற்களில் செயினைச் சுற்றி இழுக்கலாமே என்று வேடிக்கை பார்த்தவர் ஒருவர் சொன்னார். ஆனால் எதிர்த்திசையில் இழுத்தால் நாக்குகள் பிடிக்காது; வளையம் 'டிக் டிக்' என்று சும்மா சுற்றும். இங்கேதான் எனக்கு ஒரு வியப்புத் தோன்றியது. நம் கால்கள் ஓய்வெடுக்க உதவும் அந்தக் குணமே, கழற்ற வரும்போது நம்மைத் தடுக்கிறது! வெளி வளையத்தைப் பிடித்துப் பயனில்லை. உட்பகுதியைப் பிடிக்க வேண்டும். அதன் முகத்தில் இருந்த பள்ளங்களோ மழுங்கிவிட்டன. அப்படியானால் வெளி வளையத்தை அகற்றி, உட்பகுதியை வெளியே கொண்டுவர வேண்டும்.

ஃப்ரீவீலின் முகத்தில் வட்டமான ஒரு மூடி இருக்கிறது. அதில் எதிரெதிராக இரண்டு சிறு துளைகள் உண்டு. அம்மூடியைத் திறந்தால் வெளி வளையம் கையோடு வந்துவிடும். தாத்தா ஒரு துளையில் பன்ச்சைச் சாய்த்து வைத்து, சுத்தியலை என் கையில் கொடுத்து, "எந்தப் பக்கம் அடிக்கணும்?" என்றார். எல்லா மூடியும் போல் இடப்பக்கம்தான் என்றார்கள் சூழ நின்றவர்கள். எனக்கு இடது பெடலின் நினைவு வந்தது. வலது பெடலின் மரை வழக்கமானது. இடது பெடலின் மரை அதற்கு நேர் எதிரானது. ஓட்டும்போது தானாகக் கழன்று வரக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் 1892 முதல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். 1900-ஆம் ஆண்டிலேயே தங்கள் சைக்கிள்களில் இத்தகைய இடமரைப் பெடலைப் பொருத்தினார்கள்.

அதே முறையில் இம்மூடியைப் பற்றியும் எண்ணிப் பார்த்தேன். இறக்கத்தில் மிதிக்காமல் போகும்போது பற்கள் உள்ள வளையம் நிற்கிறது. உட்பகுதியும் அதனோடு சேர்ந்த மூடியும் கடிகாரத் திசையில் ஓடுகின்றன. நிற்கும் வளையத்தின் மேல் உருளும் குண்டுகள், ஓடும் மூடியைச் சற்றே பின்னோக்கி இழுக்கும். பின்னோக்கி என்றால் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. மூடியின் மரை வழக்கமான மரையாக இருந்தால், ஒவ்வொரு இறக்கத்திலும் அது சிறிது சிறிதாகத் திறந்துகொண்டே வரும்! அப்படித் திறக்காமல் இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறது. ஆகவே இது இடமரையாகத்தான் இருக்க வேண்டும். "கடிகாரம் சுத்துற பக்கம் அடிக்கணும் தாத்தா" என்றேன். தாத்தா சிரித்தார். "அடி" என்றார்.

முன்னதாக மூடியின் இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊற விட்டிருந்தோம். தாத்தா தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். இரும்பை இரும்பால் அடிக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணில் படலாம் என்பதால் இது மிகவும் இன்றியமையாதது. அளவாக, ஒரே இடத்தில், சுருக் சுருக்கென்று அடித்தேன். ஆறாம் அடியில் மூடி ஒரு நூல் நகர்ந்தது. பிறகு துளை மாற்றித் துளையாக அடிக்க, கையாலேயே சுழலும் அளவுக்கு வந்துவிட்டது.

"இருங்க இருங்க" என்று சொல்லி அம்மாச்சி வீட்டுக்குள் ஓடி ஒரு முறத்தைக் கொண்டுவந்து சக்கரத்தின் கீழே பிடித்தார். மூடியை எடுத்து, வளையத்தைத் தூக்கியதும், கறுத்த கிரீஸோடு குண்டுகள் பொலபொலவென்று முறத்தில் உதிர்ந்தன. கடுகைவிடப் பெரியவை, மிளகைவிடச் சிறியவை. அம்மாச்சி முறத்தைச் சாய்த்துப் பழக்கத்தில் புடைக்கப் போனார், எல்லாரும் சிரித்துவிட்டோம். முப்பது ஆண்டுகளாகத் தம்மைச் சுமந்து சென்ற பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அன்றுதான் அவர் பார்த்தார். அந்தக் குண்டுகளில் ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்து, வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்பகுதியில் இரண்டு நாக்குகளும் இப்போது கண்ணுக்குத் தெரிந்தன. ஒன்றின் நுனி தேய்ந்து உருண்டையாகிவிட்டது. மற்றொன்று கெட்டிப்பட்ட கிரீஸில் ஒட்டி, வெளியே வராமல் படுத்துக் கிடந்தது. பாலத்தின் ஏற்றத்தில் என்னையும் தம்பியையும் தாங்க வேண்டியவை இந்த இரண்டு சிறு இரும்புத் துண்டுகளே. அவை தாங்காமல் போனதால்தான் அன்று அவன் விழுந்தான். காரணத்தைக் கண்ணால் கண்ட பிறகு, எனக்குள் இருந்த அச்சம் பாதி போய்விட்டது என்றே சொல்ல வேண்டும்.

இனி மூன்றாம் கேள்வி. எவ்வளவு நீளத்திலிருந்து தள்ளலாம்? இதற்கு விடை நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதற் பாடத்திலேயே இருக்கிறது. விசையையும், சுழலும் அச்சிலிருந்து விசை செயல்படும் தொலைவையும் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். தொலைவு கூடினால் திருப்புத்திறனும் கூடும். சம அளவுள்ள இரண்டு விசைகள் எதிரெதிர்த் திசையில், இணையாக, வெவ்வேறு புள்ளிகளில் செயல்பட்டால் அதற்கு இரட்டை என்று பெயர். குழாயைத் திறப்பது இரட்டைக்கு எடுத்துக்காட்டு என்று தேர்வில் எழுதியிருக்கிறோம்.

தாத்தா உட்பகுதியை வைஸின் தாடைகளுக்கு நடுவே வைத்து, முழுப் பலத்தோடு இறுக்கினார். இப்போது சக்கரம், பற்சக்கரம் இருந்த பக்கம் கீழாக, வைஸின் மேல் ஒரு குடையைப் போல் படுத்துக் கிடந்தது. "ஃப்ரீவீலத் திருப்ப வேணாம். அது நிக்கட்டும். நாம சக்கரத்தத் திருப்புவோம்" என்றார். என் கண்கள் விரிந்தன. கருவி இல்லை, கருவி இல்லை என்று இத்தனை நாள் வருந்தினோமே! எந்தக் கடையிலும் கிடைக்காத அவ்வளவு பெரிய ஸ்பேனர் எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. சக்கரமே ஸ்பேனர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரை 150 நியூட்டன் விசையால் தள்ளினால் திருப்புத்திறன் 30 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் இரு ஓரங்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 65 செ.மீ. இரண்டு ஓரங்களிலும் அதே 150 நியூட்டன் விசையைக் கொடுத்தால் கிடைப்பது 97.5 நியூட்டன் மீட்டர். மூன்று மடங்குக்கும் மேல்! அதுவும் நழுவாமல், ஒரு பக்கம் சாயாமல், சரியாக அச்சைச் சுற்றியே செயல்படும்.

ஒரு பக்கத்து ரிம்மை நான் பிடித்தேன். எதிர்ப்பக்கத்தைத் தாத்தா பிடிக்க வந்தார். "நீங்க வைஸப் பாத்துக்கங்கண்ணே" என்று அம்மாச்சி முன்னால் வந்து பிடித்துக்கொண்டார். மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத்துக்கு எதிர்த்திசை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தள்ளினோம். அசையவில்லை. மீண்டும் தள்ளினோம். அசையவில்லை. அம்மாச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலை அகல ஊன்றி, "இப்பத் தள்ளு" என்றார். 'டக்' என்று ஒரு பெரிய ஓசை. கம்பி எதுவும் முறிந்துவிட்டதோ என்று நான் பதறினேன். முறியவில்லை, சக்கரம் கால் சுற்றுச் சுற்றியிருந்தது! அதன்பின் ஒரு விரலால் தள்ளினாலே போதுமானதாயிற்று. 1992 முதல் இறுகிக்கொண்டே வந்த மரை ஒரு நொடியில் விட்டுக்கொடுத்துவிட்டது.

ஹப்பின் மரையில் ஒரு சிறு கேடும் இல்லை. பழைய பல் துலக்கியையும் மண்ணெண்ணெயையும் கொண்டு தேய்த்ததும் புதிய வெள்ளியைப் போல் பளபளத்தது. அங்குலத்துக்கு 24 வரிகள் உள்ள மிக நுண்ணிய மரை அது. மறுநாள் பழையதைப் போலவே 18 பற்கள் உள்ள புதிய ஃப்ரீவீலை வாங்கி வந்தேன். மரையில் கிரீஸ் தடவி, முதற் சுற்றுகளை விரலால் மட்டுமே ஏற்றினேன். நுண்ணிய மரையில் கோணலாக ஏற்றிவிட்டால் ஹப் கெட்டுவிடும். கடைசி இறுக்கத்துக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஏறி மிதித்தால் அதுவே இறுகிக்கொள்ளும். கிரீஸ் தடவியிருப்பதால், அடுத்த முறை கழற்றுபவர் எங்களைப் போல் பாடுபட வேண்டியிராது.

தம்பியை ஏற்றாமல் மூன்று நாள் தெருவிலும், பிறகு பாலத்திலும் ஓட்டிப் பார்த்தேன். நான்காம் நாள் மாலை அம்மாவைக் கேரியரில் உட்கார வைத்துப் பாலத்தில் ஏறினேன். எழுந்து நின்று மிதித்தேன். பெடல் வழுக்கவில்லை. இறங்கியதும் அம்மா, "சரி, நாளைக்கு அவனக் கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். அதுவே எனக்குப் பெரிய பரிசு.

தோழியருக்குச் சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். ஃப்ரீவீலைப் பிரித்து எடுக்கும் இம்முறை, தூக்கி எறியப் போகும் பழைய ஃப்ரீவீலுக்கு மட்டுமே ஏற்றது. பள்ளங்கள் நன்றாக இருந்தால் அதற்குரிய கருவியால் கழற்றுவதே சிறந்தது. அப்போதும் கருவி வழுக்காதிருக்க, அச்சின் நட்டை அதன்மேல் இலேசாக முறுக்கி வைத்துக்கொண்டு திருக வேண்டும். சற்றே இளகியதும் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். சிறு குழந்தைகள் அருகில் நிற்கக்கூடாது. வைஸும், அதை இறுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரும் உடன் இருக்க வேண்டும்.

கடைக்காரர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கையில் இருந்த கருவி தோற்றதும் வழி முடிந்துவிட்டது என்று எண்ணினார். தாத்தாவிடம் அக்கருவிகூட இல்லை. அவரிடம் இருந்தவை மூன்று கேள்விகள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், உண்மைதான். ஆனால் இறுகும் திசையிலேயே ஆயிரம் அடி அடித்திருந்தால் எங்கள் ஃப்ரீவீல் இன்னும் இறுகியிருக்குமே தவிர நகர்ந்திராது. வலிமை தாத்தாவின் கையிலோ என் கையிலோ அதிகம் இல்லை. எது எந்தப் பக்கம் இறுகுகிறது என்று தெரிந்துகொண்டதுதான் எங்கள் வலிமை.

அரையாண்டு விடுமுறைக்கு முன்பு என் வகுப்புத் தோழியர் இருவர் தங்கள் சைக்கிளின் ஓசையைக் கேட்டுச் சொல்லும்படி என்னை அழைத்தார்கள். ஒருத்தியின் வண்டியில் கிரீஸ் உலர்ந்திருந்தது. மற்றொருத்தியின் வண்டியில் செயின் தொய்ந்திருந்தது. இரண்டையும் நாங்களே கொட்டகையில் வைத்துச் சரி செய்தோம். சிஸ்டர் பார்த்துவிட்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வகுப்புக்கு வரும்படி மட்டும் சொன்னார்கள். அடுத்த முறை உங்கள் சைக்கிளைக் கடையில் விட நேர்ந்தால், விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அருகில் நின்று பாருங்கள். எது எங்கே பொருந்துகிறது, எது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேளுங்கள். முதலில் நமக்குத் தெரியாததுபோல்தான் இருக்கும். ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு